தெருவிலும் ஓட வேண்டும், ரேசிலும் ஜெயிக்க வேண்டும்!
காருக்கு எந்த 'கேம் ஷாப்ட்'? பணத்தைக் கொட்டுவதற்கு முன் யோசியுங்கள்

சென்னை அண்ணா சாலை. மாலை 6 மணி. சிக்னலில் சிவப்பு விளக்கு. வரிசையில் நிற்கும் கார்களில் ஒன்று மட்டும் 'தடக்... தடக்...' என்று குலுங்குகிறது. பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்க்கிறார். காருக்குள் இருக்கும் வாலிபருக்கு ஒரே பெருமை.

பச்சை விழுகிறது. எல்லா வண்டிகளும் கிளம்புகின்றன. குலுங்கிய கார் மட்டும் இரண்டு தடவை இருமிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. பின்னால் பஸ் டிரைவர் ஹாரனை அழுத்துகிறார்.

என்ன கோளாறு? கோளாறே இல்லை! அந்த என்ஜினில் இருப்பது ரேஸ் 'கேம் ஷாப்ட்'. பந்தயத்துக்குச் செய்ததை டிராபிக்கில் ஓட்டினால் இப்படித்தான்.

நொடிக்கு 50 தடவை

கேம் ஷாப்ட் என்பது என்ஜினுக்குள் சுற்றும் ஒரு இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு வந்து தள்ளும்போது வால்வு திறக்கும். மேடு விலகியதும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். ஒரு வால்வு பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும். இன்னொன்று எரிந்த புகையை வெளியே விடும்.

கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று சுற்றும். மீட்டர் 6 ஆயிரம் ஆர்.பி.எம். காட்டும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது.

கேமைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இரண்டு கணக்கு. வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது? எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது? முதல் கணக்கு மில்லிமீட்டரில். இரண்டாவது, கிராங்க் சுற்றும் டிகிரியில்.

கம்பெனியில் இருந்து வரும் சாதாரண காரில் இந்த நேரம் சுமார் 240 முதல் 260 டிகிரி வரை இருக்கும். தெருவிலும் கொஞ்சம் வேகமாக ஓட்ட நினைப்பவர்கள் 260 முதல் 280 வரை போகிறார்கள். 290-ஐ தாண்டினால் அது பந்தயக் கணக்கு.

சினிமா கொட்டகை கதை

அப்படியானால் பெரிய கேமே நல்லதுதானே? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு சினிமா கொட்டகையை நினைத்துப் பாருங்கள். காட்சி முடிந்து கூட்டம் வெளியேறுகிறது. அடுத்த காட்சிக் கூட்டம் வாசலில் காத்திருக்கிறது. இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும்?

வெளியேறும் கூட்டம் விறுவிறு என்று ஓடினால், உள்ளே வருகிறவர்களுக்கு வழி கிடைக்கும். ஆற அமர நடந்தால் இரு கூட்டமும் முட்டிக்கொள்ளும். உள்ளே வர வேண்டியவரைப் பழைய கூட்டம் வாசலுக்கே தள்ளிவிடும்.

என்ஜினிலும் இதே கதைதான். பெரிய கேமில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். 6 ஆயிரம், 7 ஆயிரம் ஆர்.பி.எம்.மில் வெளியே பாயும் புகையே புதுக் கலவையை இழுத்துக்கொண்டு வரும். அது வெற்றிக் குதிரை. ஆனால் ஆயிரம் ஆர்.பி.எம்.மில் புகை திரும்பி உள்ளே வரும். என்ஜின் குலுங்கும், இருமும், நின்றுவிடும்.

அந்தக் குலுங்கலைத்தான் சிலர் 'பவர்' என்று நினைத்து மகிழ்கிறார்கள்!

பிரேக்கில் ஆபத்து

விஷயம் குலுங்கலோடு போவதில்லை. பிரேக்கை லேசாக மிதித்தாலே கார் நிற்க உதவுவது 'பூஸ்டர்'. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது என்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவில் வேலை செய்கிறது. பெரிய கேம் போட்டால், என்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த வலு குறைந்துவிடும்.

விளைவு? நெரிசலில் மாறி மாறி பிரேக் போடும்போது மிதி கல் மாதிரி இறுகிவிடும். பழைய நினைப்பில் லேசாக மிதித்தால் கார் நிற்காது. அந்த ஒரு நொடியில் முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வந்தால்?

பல ரேஸ் கார்களில் பூஸ்டரே கிடையாது. ஓட்டுபவர் பலமாக மிதித்துப் பழகியவர். வீட்டுக் காரை அடுத்த நாள் அண்ணனோ, தங்கையோ ஓட்டக்கூடும்.

மெக்கானிக் கேட்கும் கேள்வி

"அண்ணே, இருக்கிறதிலேயே பெரிய கேமா போட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டு வரும் வாலிபர்கள் உண்டு.

விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தூக்கமாட்டார். "தம்பி, வண்டி மாசத்துல எத்தனை நாள் டிராக்குல ஓடும்? எத்தனை நாள் ஆபீசுக்குப் போகும்?" என்றுதான் கேட்பார். பதிலில்தான் கேம் இருக்கிறது.

நகரத்தில் ஓடும் கார் பெரும்பாலும் 3 ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குள்ளேயே காலம் தள்ளுகிறது. அந்த இடத்தில் இழுவையைக் குறைத்துவிட்டு, 6 ஆயிரத்தில் பலத்தை ஏற்றி என்ன லாபம்?

ஒரு காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், 2-வது உலகப்போர் கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள். அங்கே சிக்னல் இல்லை, பஸ் ஸ்டாப் இல்லை. மீட்டர் முள் மேலேயே நிற்கும். ரேஸ் கேம் பிழைக்கும் இடம் அதுதான்.

தனியாக வராது

கேமை மட்டும் மாற்றினால் போதாது. அது ஒரு குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வரும்.

* வால்வு ஸ்பிரிங்: பலமில்லாவிட்டால் அதிக வேகத்தில் வால்வு மூடாமல் மிதக்கும்.

* இடைவெளி: வால்வு அதிகம் இறங்கினால் பிஸ்டனில் முட்டி வளைந்துவிடும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, கையால் சுற்றி, அமுங்கிய களிமண்ணை அளந்து பார்ப்பது வழக்கம். உள்விடும் வால்வுக்கு 2 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 2.5 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது பொதுக்கணக்கு.

* கம்ப்ரஷன்: பெரிய கேமில் வால்வு தாமதமாக மூடும். அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட கம்ப்ரஷனைக் கூட்டினால், உயர்ந்த ரக பெட்ரோல் கேட்கும்.

* கம்ப்யூட்டர்: பெட்ரோலை கம்ப்யூட்டர் அளந்து விடும் கார்களில் அந்தக் கணக்கையும் மாற்றி எழுத வேண்டும்.

செலவைக் குறைக்க, பழைய கேமையே கிரைண்டிங் செய்து தருவதும் உண்டு. மேட்டில் புது இரும்பு வளராது. அடிவட்டத்தைத் தேய்த்துத்தான் மேடு உயர்ந்ததாக ஆக்குகிறார்கள். கடினமான மேல்தோல் போய்விட்டால், சீக்கிரமே தேய்ந்துவிடும்.

கேட்டலாக்கைப் பார்த்து வாங்குவோரும் உஷார்! ஒரு கம்பெனி வால்வு அசைந்ததுமே டிகிரியை எண்ணத் தொடங்கும். இன்னொன்று 1 மில்லிமீட்டர் திறந்த பிறகே எண்ணும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பந்தயத்தில் ஓடுபவர் முதலில் தன் பிரிவின் விதியைப் படிக்க வேண்டும். கம்பெனி கேமையே வைத்திருக்க வேண்டும் என்ற பிரிவில் வேறு கேம் போட்டால், ஜெயித்தாலும் பரிசு கிடையாது.

ரோட்டில் பந்தயம் ஓட்டினால் ஜெயில். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம்.

2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் பந்தயம் நடந்ததே என்று கேட்கலாம். அது அரசு அனுமதியோடு, ரோட்டை மூடிவிட்டு நடந்தது.

எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போவதால், பெரிய கேம் போட்ட கார் புகை சோதனையிலும் மாட்டிக்கொள்ளும்.

ஒரு படி கீழே

அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். 2 ஆயிரம் ஆர்.பி.எம்.மில் இருந்தே இழுக்கக்கூடிய மிதமான கேம் போடலாம். இரண்டு கேமில் எது என்று சந்தேகம் வந்தால், தெருக் காருக்கு ஒரு படி சின்னதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

ரேஸ் கார் டிரெய்லரில் ஏறி டிராக்குக்குப் போகும். அங்கே அதைத் தள்ளிவிட நாலு பேர் இருப்பார்கள். திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் கார், சாவியைத் திருப்பியதும் கிளம்ப வேண்டும். பிரேக்கை மிதித்ததும் நிற்க வேண்டும்.