அந்தரமும் ஜிற்றேர்ஸும்

பரீட்சைக்கு முன்னாள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் மாணவர் வாயிலே தவறாது வருஞ் சொல் 'அந்தரம்' என்பது. வெளி, இடைவெளி எனப் பொருள்தரும் இவ்வடசொல், ஈழத்துப் பேச்சில் நிலைகொள்ளா மனத்துக்கு ஆகிவந்தது பொருத்தமே. காலூன்ற இடமின்றி நடுவெளியில் தொங்குபவன் நிலை அதுவன்றோ!

இதனை ஆங்கிலத்திற் சொல்லப்புகுவார் 'ஐ ஆம் ரென்சன்' என்பர். ரென்சன் பெயர்ச்சொல்லாதலின் அது வழு; 'ஐ ஆம் ரென்ஸ்' என்க. அந்தரத்துக்கு மிக அண்மையான பேச்சுச்சொல் 'ஜிற்றேர்ஸ்'. 1920களில் அமெரிக்காவில் வழக்குக்கு வந்த இது, இப்பொருளிற் பன்மையாகவே நிற்கும். பெரும்பாலும் 'த' என்னுஞ் சுட்டை முன்னே ஏற்கும். 'ஐ ஹாவ் த ஜிற்றேர்ஸ்' என்பது காண்க. 'எக்ஸாம் ஜிற்றேர்ஸ்' எனச் சுட்டின்றியும் வரும். பெயரடை வேண்டின் 'ஐ ஃபீல் ஜிற்றெரி' எனலாம். 'ஐ ஆம் ஜிற்றேர்ஸ்' என்பதோ பழைய வழு புதுவேடம் பூண்டதே.

தோழரோடு அளவளாவுங்கால் இச்சொல் நன்று. வேலை விண்ணப்பத்தில் நகைப்புக்கிடமாகும். மேலும், இது வினாத்தாளைக் கையில் வாங்கியதும் அடங்கிவிடும் சிறு நடுக்கத்தையே குறிப்பது. வாரக்கணக்காய் ஊணும் உறக்கமும் கெட்டவன், தமிழறியாத வைத்தியரிடம் 'ஜிற்றேர்ஸ்' என்றால் அவர் அதனைச் சிறிதென்று கொள்ளவுங் கூடும். ஆங்கே 'ஆங்சைற்றி' என்றே கூறி, எத்தனை இரவு உறங்கவில்லை என்பதையும் எண்ணிச் சொல்லல் வேண்டும். தமிழ் வைத்தியராயின் 'அந்தரமாயிருக்கிறது' என்றாலே அவர் நிமிர்ந்து பார்ப்பார்.