பதின்ம வயதினரின் தூக்கமும் உடல் எடையும்

பதின்ம வயதினரின் தூக்கமும் உடல் எடையும் என்பது, 13 முதல் 19 வயது வரையுள்ளோர் உறங்கும் நேரத்துக்கும் அவர்களது உடல் எடைக்கும் இடையிலான தொடர்பைக் குறிக்கும். போதிய அளவு உறங்காத பதின்ம வயதினரிடையே மிகை எடை கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. தூக்கக் குறைவு முதன்மையாகப் பசியையும் உணவுத் தெரிவையும் மாற்றுகிறது. அது எடையைக் கூட்டுமா என்பது கிடைக்கும் உணவையும் செய்யும் உடலுழைப்பையும் பொறுத்தது.

தேவையான தூக்கம்

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும். பருவமடையும் காலத்தில் உடலின் உயிரியல் கடிகாரம் பின்தள்ளிப் போகிறது. உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்னும் இயக்குநீர் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. இதனால் இவ்வயதினர் பலருக்கு முன்னிரவில் உறக்கம் வருவதில்லை. இதனைச் சோம்பல் என்றோ ஒழுங்கின்மை என்றோ மட்டும் கருத இயலாது.

இரவு 11 மணிக்கு உறங்கிக் காலை 5 மணிக்கு எழும் மாணவருக்குக் கிடைப்பது 6 மணி நேரம். குறைந்த அளவான 8 மணி நேரத்துடன் ஒப்பிட்டால், ஆறு நாட்களில் 12 மணி நேரத் தூக்கம் குறைகிறது.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

பசியைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு இயக்குநீர்கள் பங்கு கொள்கின்றன.

* லெப்டின்: கொழுப்பு உயிரணுக்களில் சுரப்பது. 1994 இல் கண்டறியப்பட்டது. போதிய ஆற்றல் சேமிப்பு உள்ளதை மூளைக்கு உணர்த்திப் பசியை அடக்குகிறது.
* கிரெலின்: பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பது. 1999 இல் கண்டறியப்பட்டது. பசியைத் தூண்டுகிறது.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், 12 இளைஞர்களின் தூக்கம் இரண்டு இரவுகள் 4 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 10 மணி நேரம் படுக்கையில் இருந்த நாட்களை விட லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. கிரெலின் 28 விழுக்காடு கூடியது. பின்னர் நடந்த ஆய்வுகள் அனைத்திலும் இதே அளவு மாற்றம் காணப்படவில்லை.

14 முதல் 16 வயதுடைய 41 பேரிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தூக்கம் குறைந்த நாட்களில் அவர்கள் இனிப்பு வகைகளைக் கூடுதலாக உண்டது தெரியவந்தது. மேலும், விழித்திருக்கும் நேரம் கூடும்போது உண்ணும் வாய்ப்பும் கூடுகிறது. களைப்பால் விளையாட்டு குறைகிறது.

சிவகாசிப் பகுதி

ஆனைக்குட்டம் போன்ற சிற்றூர்கள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசிப் பகுதி, தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்குப் பெயர் பெற்றது. அதிகாலை 3 முதல் 5 மணிக்குள் ஆலைப் பேருந்துகள் சிற்றூர்களிலிருந்து சிறுவர்களை ஏற்றிச் சென்றதை ஸ்மித்து கோத்தாரி 1983 இல் எழுதிய கட்டுரை பதிவு செய்துள்ளது. அச்சிறுவர்களும் தூக்கத்தை இழந்தவர்களே. ஆனால் வறுமையில் இருந்த வீடுகளில் பசி கூடினாலும் கூடுதலாக உண்ண உணவு இருக்கவில்லை.

1986 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016 ஆம் ஆண்டுத் திருத்தமும் ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்கின்றன. இன்று மாணவர்களின் தூக்கத்தைக் குறைப்பவை அதிகாலைத் தனிவகுப்புகள், பொதுத்தேர்வுச் சிறப்பு வகுப்புகள், கைபேசி ஆகியன. சேவு, எண்ணெய் பரோட்டா, குளிர்பானம் ஆகியவை இப்போது எளிதில் கிடைக்கின்றன. எனவே அதே தூக்கக் குறைவு இன்று எடை கூட வழிவகுக்கக்கூடும்.

இவ்விரு நிலைகளும் இந்தியாவில் ஒருசேரக் காணப்படுகின்றன. 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்தும், 5 விழுக்காட்டினர் மிகை எடையுடனும் இருந்தனர்.

கவனிக்க வேண்டியவை

தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றாகாது. குடும்ப வருமானம், மரபு, உணவுப் பழக்கம் ஆகியவையும் எடையைத் தீர்மானிக்கின்றன. மிகை எடை தூக்கத்தில் மூச்சுத் தடையை உண்டாக்கித் தூக்கத்தைக் கெடுக்கவும் கூடும். எடையைக் குறைக்க உணவைத் தவிர்க்கும் மாணவர், முதலில் தமது தூக்க நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

பள்ளி நேரத்தை மாற்றுவதும் ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது எனச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

* தூக்கம்
* உடல் நிறைச் சுட்டெண்
* உயிரியல் கடிகாரம்
* குழந்தைத் தொழிலாளர்