பழைய மென்பொருளும் ஐந்தச்சுத் துருவற் பொறியும்

உற்பத்திக் கருவிகள் மாறும்போது தொழிலாளியின் கைத்திறன் எங்கே செல்கின்றது என்ற வினா சமூக விஞ்ஞானிகளால் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதாகும். பட்டறைகளில் 'மில்லிங் மெசின்' என வழங்கும் துருவற் பொறி, கணனியால் இயங்கத் தொடங்கியபின் அவ்வினாவுக்கு விசித்திரமான விடையொன்றைத் தந்துள்ளது. இருபது, முப்பது ஆண்டுகட்கு முற்பட்ட மென்பொருளைக் கொண்டே இப்பொறிகளை இன்றும் இயக்கும் பட்டறைகள் உள. இதனைப் பழைமைப் பற்று என்றோ பணமுடை என்றோ மட்டும் விளக்கிவிட முடியாது.

இத்துறையின் தோற்றம் இராணுவ விமானக் கைத்தொழிலோடு பிணைந்தது. ஹெலிகொப்ரர் சுழலிதழ்களை ஆக்கிவந்த ஜோன் பாசன்ஸ் 1949இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தத்தைப் பெற்றார். அதன் வழியே மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் 1952இல் துளைநாடாவினால் இயங்கும் மூன்றச்சுத் துருவற் பொறியைச் செய்துகாட்டியது. ஆனால் வளைந்த மேற்பரப்புக்கு வேண்டிய எண்ணிறந்த புள்ளிகளைக் கையாற் கணிப்பது பெருஞ்சுமையாயிற்று. டக்ளஸ் றொஸ் தலைமையில் உருவாகி 1959இல் பத்திரிகையாளர் முன் வைக்கப்பட்ட ஏ.பி.ரீ. என்னும் நிரல்மொழி அச்சுமையைக் கணனிக்கு மாற்றியது.

தேர்ந்த தொழிலாளி ஒருமுறை கையால் இயக்கியதைப் பதிவுசெய்து பொறியை மீளச் செய்விக்கும் முறையும் அக்காலத்தில் இருந்தது. அது ஒதுக்கப்பட்டமைக்குத் தொழினுட்பக் காரணங்கள் மட்டுமன்றி, பட்டறையைத் தன் பிடியிற் கொள்ள முகாமை விரும்பியதும் காரணமாகும் என டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வாதம் பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் ஐந்தச்சு வேலையில் அப்பிடி முழுமை பெறவில்லை என்பதே எமது கருத்து.

மூன்றச்சுப் பொறியில் வெட்டுக்கருவி எப்போதும் ஒரே திசையை நோக்கும். ஐந்தச்சிலோ கருவியும் வேலைத்துண்டும் ஒன்றுக்கொன்று இரு கோணங்களிற் சாயலாம். ஏ.பி.ரீ. மரபில் வந்த மென்பொருள் இதனை இரு படிகளிற் கையாளும். முதற்படி, எந்தப் பொறி என்பதைக் கருதாமல், கருவி முனையின் இடத்தை மூன்று எண்களாலும் சாய்வை மூன்று எண்களாலும் தரும். அவ்வெண்களைக் குறித்த ஒரு பொறியின் அசைவுகளாக மாற்றுவது 'போஸ்ற் புறொசெசர்' எனப்படும் இரண்டாவது நிரல். சிக்கல்கள் பெரும்பாலும் இங்குதான் தொடங்குகின்றன.

தலை சாயும் பொறியொன்றில், சுழல்மையத்திலிருந்து கருவி முனை 250 மி.மீ. தொலைவில் உள்ளதெனக் கொள்வோம். தலை 30 பாகை சாய்ந்தால் முனை 125 மி.மீ. பக்கவாட்டில் விலகும், ஏறத்தாழ 33.5 மி.மீ. மேலெழும். புதிய கட்டுப்பாட்டுக் கருவிகள் இதனைத் தாமே ஈடுசெய்கின்றன. பழையவற்றுட் பல செய்யமாட்டா. மென்பொருளே முன்கூட்டிக் கணிக்க வேண்டும். ஆகவே கருவியைத் தீட்டியதால் அதன் நீளம் 1 மி.மீ. குறைந்தாலும், பொறியில் உயரத்தை மட்டும் திருத்தி வேலையைத் தொடர முடியாது. அதே சாய்வில் முனை அரை மி.மீ. பக்கம் தவறும். நிரலை மீளக் கணித்தாக வேண்டும்.

மேலும், நேரச்சுக்களும் சுழலச்சுக்களும் சேர்ந்து அசைகையில், இரு புள்ளிகளுக்கிடையே முனை நேர்கோட்டிற் செல்லாது வில்லாக வளைந்து வேலைத்துண்டைக் கிண்டிவிடலாம். இடைப்புள்ளிகளைப் புகுத்தியே இதனைத் தடுக்க வேண்டும். கருவி செங்குத்தை அண்மிக்கும் நிலையிலோ, சாய்வில் மிகச் சிறிய மாற்றம் நேரினும் சுழலச்சு திடீரென 180 பாகை திரும்ப நேரும். எவ்விடத்தில் எத்தனை புள்ளிகள், எப்பக்கம் சுழற்றுவது, எப்போது கருவியை விலக்கி மீளக் கொணர்வது என்பனவற்றைக் கைந்நூல் ஓரளவே கூறும். எஞ்சியவை பொறியருகே நின்றவர் கண்டு சொல்ல, நிரலாளர் சிறுசிறு திருத்தங்களாக எழுதிச் சேர்த்தவை. தொழிலாளியிடமிருந்து பறிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட திறன் இவ்வாறு நிரலினுள்ளே குடிபுகுந்துள்ளது.

புதிய மென்பொருளுக்கு மாறும்போது வடிவத்தை ஓரளவு எளிதாக இடம்பெயர்க்கலாம். இத்திருத்தங்களை அவ்வாறு செய்ய இயலாது. போஸ்ற் புறொசெசரைப் புதிதாக எழுதி, மெழுகிலோ மரத்திலோ வெட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். விமானப் பாகமாயின், செய்முறைக்கு மீண்டும் அங்கீகாரம் பெறவும் நேரலாம். பழையதிலும் இடர் இல்லாமலில்லை. தலை வேலைத்துண்டில் மோதுமா என முன்கூட்டிக் காட்டும் வசதி அதிற் குறைவு. உரிமத்தைக் காக்கும் சிறு பூட்டுக் கருவி பழுதானால் மென்பொருளே திறவாது.

இங்கு உடைமைப் பிரச்சினையும் உண்டு. போஸ்ற் புறொசெசரின் மூலநிரல் வாசிக்கத்தக்க கோப்பாகக் கையிலிருந்தால், காலையிற் கண்ட குறையை மாலையிலே திருத்தலாம். விற்பனையாளர் அதனை மூடிய வடிவில் தந்திருந்தால், தொழிலாளி தாமே கண்டறிந்த திருத்தத்தைக் கட்டணம் செலுத்திக் கேட்டு வாங்க நேர்கிறது. ஆதலின் பழைய மென்பொருளோடு இயங்கும் பட்டறை முதலிற் படியெடுத்துக் காக்க வேண்டியவை மூலநிரல், சுழல்மைய அளவுகள், ஒவ்வொரு திருத்தத்துக்குமான காரணம் ஆகியன. காரணம் எழுதப்படாத வரியை அடுத்து வரும் நிரலாளர் பிழையெனக் கருதி நீக்கிவிடக்கூடும். அதன் விளைவு அடுத்த துண்டு வெட்டப்படும்போதே தெரியவரும்.