கசக்கும் சுரைக்காய் மருந்தல்ல

காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்கும், கொழுப்பு கரையும், தொப்பை குறையும் என்று சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் ஓய்வதே இல்லை. 'காய்தானே, என்ன செய்துவிடப் போகிறது?' என்று நம்பித்தான் பலரும் மிக்சியை எடுக்கிறார்கள்.

2010இல் டெல்லியில் விஞ்ஞானி ஒருவர், பாகற்காய்ச் சாறு கலந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்துபோனார். அவர் பல ஆண்டுகளாக அதைக் குடித்து வந்தவர். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழு இந்தச் சாற்றால் வரும் பாதிப்பை ஆராய்ந்தது.

சில சுரைக்காய்களில் இருக்கும் கசப்புதான் ஆபத்து. அதற்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்னும் நச்சு. விலங்குகள் தின்றுவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரைக்கொடி உண்டாக்கும் பொருள் அது. தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காய்களின் விதையையே உழவர்கள் எடுத்து வைத்ததால், நாம் வாங்கும் காயில் இது மிகக் குறைவு. ஆனால் கடும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு போன்றவற்றால் சில காய்களில் கூடிவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கூட்டில் ஒரு வாய் கசந்தால் துப்பிவிடுவோம். சாறாக்கும்போது ஒரு காயின் நஞ்சு மொத்தமும் ஒரே தம்ளரில் இறங்குகிறது. 'கசந்தால்தான் மருந்து' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தும் விடுகிறோம். பாகற்காயின் கசப்பு வேறு பொருள்களால் வருவது. அதைச் சேர்த்துவிட்டால் சுரைக்காயின் எச்சரிக்கை நாக்குக்குத் தெரியாமலே போகிறது.

குடித்த சற்று நேரத்திலேயே வயிற்றுவலி, வாந்தி, பேதி தொடங்கலாம். முற்றினால் ரத்த வாந்தியும், ரத்த அழுத்தம் சரிவதும் உண்டு. இதற்கு முறிமருந்து கிடையாது; மருத்துவமனையில் உடலைத் தாங்கும் சிகிச்சைதான் தரமுடியும்.

இவ்வளவு ஆபத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? சுரைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சாற்றை வடிகட்டினால் நார்ச்சத்தும் சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரை நோய்க்கான மாத்திரையின் இடத்தை அந்தச் சாறு பிடிக்கவே முடியாது.

சுரைக்காயைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசந்த சாற்றைக் குடித்தபின் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், கைவைத்தியம் பார்த்துக் காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.