மிருதங்கம் பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு

விஜயதசமி நெருங்குங்கால் நம் குடும்பங்கள் பலவற்றில் எழும் வினா ஒன்றுண்டு. பிள்ளையை மிருதங்கத்திற்குச் சேர்க்க எண்ணுகிறோம், என்னென்ன வாங்க வேண்டும் என்பதே அது. இதற்கு விடையளிக்குமுன் நாம் கேட்பது, தங்கள் நகரில் மிருதங்கம் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்பது. தஞ்சையிலோ சென்னையிலோ வாழ்வோர்க்கு இக்கவலை பெரிதன்று. நமக்கோ, தோல் கிழிந்த வாத்தியம் மூலையில் சாய்ந்து, அதனோடு பிள்ளையின் பாடமும் நின்றுபோன வீடுகள் தெரியும்.

ஆகவே ஆசிரியரைக் கண்டு பேசாமல் வாத்தியத்தை வாங்கிவிடலாகாது. பழுது பார்ப்பவர் யார், எங்கிருந்து வருவார் என்பதையும் அவரே அறிவார். சில ஆசிரியர்கள் முதற்கண் கையால் தாளமிடவும் சொற்கட்டுகளை வாயாற் சொல்லவுமே பழக்குவர். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மிருதங்கங்கள் பெரும்பாலும் இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு அங்குல நீளமுள்ளவை. நீண்டது தாழ்ந்த சுருதிக்கும், குட்டையானது உயர்ந்த சுருதிக்கும் ஏற்றது. சிறுவர்க்குக் குட்டையானதே நன்று. இரு கைகளும் இரு முகங்களையும் வருத்தமின்றி எட்ட வேண்டுமன்றோ? பலாமரத்தால் ஆனதையே தேடுக. புதியது வாங்கப் பொருள் போதாதெனில், ஆசிரியர் தட்டிப் பார்த்து ஏற்ற பழைய வாத்தியத்தில் குறையொன்றுமில்லை. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குத் தனி வாத்தியம் வேண்டுவதில்லை. திருப்பி வைத்துக்கொள்வதே போதும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தே பெரும் புகழ் எய்தினார். பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயலும் பெற்றோர் இதனைக் கருதுவாராக.

வாருக்குப் பதிலாக இரும்புத் திருகாணிகள் பொருத்திய மிருதங்கங்களும் இப்போது கிடைக்கின்றன. பழமை போற்றுவோர் முகம் சுளிப்பினும், வார் இழுத்துக் கட்ட ஆளில்லாத ஊரில் இவை பேருதவி என்பதே நம் கருத்து.

மற்றவை சில்லறைப் பொருள்கள். சுருதி சேர்க்கச் சிறு கருங்கல்லும் மரக்கட்டையும் வேண்டும். வலந்தலை விளிம்பின் பின்னலில் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். எதிர்ப்புறமிருந்து தட்டினால் இறங்கும். ஆயினும் முதலாண்டில் இவ்வேலையை ஆசிரியரிடமே விடுக. சுருதிப்பெட்டிக்குக் கைப்பேசியிலுள்ள செயலியே போதுமானது. தொப்பியின் நடுவில் அப்புவதற்கு ரவை வேண்டும். அது நம் சமையலறையிலேயே உண்டு. நீர்விட்டுப் பிசைந்து அப்பி, வாசித்து முடித்ததும் வழித்தெடுத்துத் துடைத்துவிட வேண்டும். பிள்ளைகள் மறப்பது இதனைத்தான். மறந்தால் தோலும் கெடும், எறும்பும் வரும். வலந்தலையின் கரிய வட்டம் கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் குழைத்து இழைக்கப்பட்டது. ஈரக்கை அதன்மேல் படலாகாது.

பையொன்று கட்டாயம் தேவை. பஞ்சு வைத்துத் தைத்ததாயின் மிக நன்று. தில்லியின் கோடை வறட்சியில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும். பம்பாய் மழையில் தளர்ந்து இறங்கும். வெயில் படும் சன்னலருகிலும் ஈரச்சுவரோரத்திலும் வைக்க வேண்டா.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்கையில் மிருதங்கத்தையும் உடன்கொண்டு சென்று, தேய்ந்த மூட்டுகளை மாற்றி வருவோர் நம்மில் சிலருண்டு. தோலைப் பதப்படுத்தி மூட்டுக் கட்டும் தொழிலாளிக்கு நாள்கள் பல வேண்டும். ஆதலால் ஊர் சேர்ந்த மறுநாளே வாத்தியத்தை அவரிடம் ஒப்படைத்துவிடுக.