பத்துக்கு ஒன்பது: சுழிப்பிழை எவ்வளவு?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் தளவானூர் வரை வருகிறவர்கள் குறைவு. அங்கே ஒரு பாறைக் குன்றைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த குகைக் கோயில் இருக்கிறது. மற்ற அரசர்களைத் தன் தண்டத்தால் தலைவணங்கச் செய்த மன்னன் இதை எடுப்பித்தான் என்றும், இதன் பெயர் சத்துருமல்லேசுவராலயம் என்றும் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது.

ஒரு முறை பள்ளி மாணவர்கள் சிலரோடு அங்கே போயிருந்தேன். "இந்தக் கல்வெட்டில் எதையெல்லாம் நம்புவீர்கள்?" என்று கேட்டேன். உள்ளூர்ப் பையன் ஒருவன் யோசித்துச் சொன்னான்: "கோயில் பேரை நம்பலாம் சார். மத்த ராஜாவெல்லாம் தலை வணங்கினாங்கங்கிறது அவரே வெட்டச் சொன்னதுதானே?"

குன்றிலிருந்து இறங்கும்போது அதே பையன் கைபேசியை நீட்டினான். ஒரு வீடியோ விளையாட்டின் விமரிசனம். 10-க்கு 9 மதிப்பெண். "அப்பாகிட்ட கேட்டு வாங்கலாமா சார்? இதை நம்பலாமா?"

நீங்கள் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்திருப்பீர்கள். கம்பியின் விட்டத்தை அளக்கும் முன்பு என்ன செய்யச் சொல்கிறோம்? முகங்களை ஒட்டவைத்து, சுழிப்பிழை உண்டா என்று பார்க்கச் சொல்கிறோம். பிழை உள்ள அளவியை யாரும் குப்பையில் எறிவதில்லை. பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், திருத்தம் செய்து அதே கருவியால் சரியாக அளந்துவிடலாம். ஆபத்தானது தெரியாத பிழைதான். விமரிசகரும் ஓர் அளவுகருவி. அவர் தரும் 9 ஓர் அளவீடு. எதைக் கொண்டு, எந்தச் சூழ்நிலையில் அளந்தார் என்று தெரியாதவரை அந்த 9-க்கு அதிகப் பொருள் இல்லை.

போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்த 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டு 2020 டிசம்பர் 10-ஆம் தேதி வெளியாயிற்று. அதற்கு முன்பே வந்த விமரிசனங்களில் பெரும்பாலானவை அதைப் புகழ்ந்தன. விமரிசகர்களுக்குக் கணிப்பொறிப் பதிப்பை மட்டுமே நிறுவனம் முன்கூட்டிக் கொடுத்திருந்தது. தாங்கள் விளையாடியபோது பதிவு செய்த காட்சிகளை அவர்கள் வெளியிடவும் கூடாது. நிறுவனம் தந்த காட்சிகளைத்தான் காட்ட வேண்டும். வீட்டில் பழைய ப்ளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் வாங்கிப் போட்டபோது படம் திக்கித் திணறியது. விளையாட்டு நடுவிலேயே நின்றும் போயிற்று. எட்டு நாளுக்குள் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிவிட்டது. 2021 ஜூனில்தான் அது மறுபடி அங்கே விற்பனைக்கு வந்தது.

விமரிசகர்கள் பொய் சொன்னார்களா? பெரும்பாலோர் சொல்லவில்லை. ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே அளந்து சொன்னவர் சொன்னது உண்மை. அதை விழுப்புரத்துக்கும் பொருத்திப் பார்த்தால் தவறு நம்முடையது. கணிப்பொறியில் மட்டும் பார்த்தேன் என்று எழுதாமல் விட்ட விமரிசகருக்கும் அதில் பங்கு உண்டு. ஆய்வுப் பதிவேட்டில் வெப்பநிலையைக் குறிக்காத மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

"நூறு பேர் தந்த மதிப்பெண்களின் சராசரி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். ஒழுங்கற்ற பிழைகள் சராசரி எடுத்தால் குறையும். ஆனால் நூறு பேரும் ஒரே பிழையான அளவியால் அளந்தால் சராசரியும் அதே அளவு தவறும். இதைத்தான் பாடத்தில் முறையான பிழை என்று படிக்கிறீர்கள். நூறு பேருக்கும் ஒரே பதிப்பைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள்.

பணமும் இப்படியொரு பிழையைப் புகுத்தும். 2007-இல் கேம்ஸ்பாட் என்ற இணைய ஏட்டின் ஆசிரியர்களில் ஒருவரான ஜெஃப் கெர்ஸ்ட்மன் ஒரு விளையாட்டுக்கு 10-க்கு 6 கொடுத்தார். அதே விளையாட்டின் விளம்பரம் அந்த ஏட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலையை இழந்தார். விளம்பரதாரர்கள் கொடுத்த நெருக்கடிதான் காரணம் என்று 2012-இல் அவரே வெளிப்படையாகப் பேசினார். 2014-இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தன் விளையாட்டு ஒன்றைப் புகழ்ந்து காட்டுவதற்காக யூடியூப் பிரபலங்களுக்குப் பணம் கொடுத்தது. குறைகளைக் காட்டக் கூடாது என்பதும் நிபந்தனை. பணம் பெற்ற செய்தியைப் பலர் வீடியோவின் கீழே, 'மேலும் காட்டு' என்பதை அழுத்தினால்தான் தெரியும்படி ஒளித்து வைத்திருந்தார்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2016-இல் இதன்மேல் நடவடிக்கை எடுத்தது. பணமோ பரிசோ பெற்றுப் பாராட்டுகிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

காசு வாங்காத விமரிசகருக்கும் சுழிப்பிழை உண்டு. 2023-இல் கனடாவின் டொரன்டோவிலிருந்து 'வெண்பா' என்ற விளையாட்டு வந்தது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. அதைப் பார்த்து இட்லி, புட்டு என்று செய்ய வேண்டும். பல விமரிசகர்கள் மனமுருகிப் பாராட்டினார்கள். 2024-இல் பாஃப்டா பரிசும் கிடைத்தது. சிலர், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று குறைப்பட்டார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அதில் இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று ஒரு புதிர் வருகிறது. இட்லிப் பானையையே பார்த்திராத விமரிசகருக்கு அது நல்ல புதிர். உங்களுக்கு? காலையில் அம்மா செய்வதைப் பார்த்தவருக்கு அது அரை நிமிட வேலை. அவர் 'புதுமை' என்று எழுதிய இடத்தில் நீங்கள் திருத்தம் செய்து படிக்க வேண்டும்.

ஆகவே ஒரே விமரிசகரைத் தொடர்ந்து படித்துப் பாருங்கள். நீங்கள் விளையாடி முடித்த இரண்டு மூன்று விளையாட்டுகளைப் பற்றி அவர் என்ன எழுதியிருந்தார் என்று தேடுங்கள். அதுதான் முகங்களை ஒட்டவைத்துப் பார்ப்பது. நீளமான விளையாட்டு என்றாலே ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுகிறவர் என்று தெரிந்துவிட்டால் போதும், கழித்துக்கொள்ளலாம்.

அந்தப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை, பேருந்து வந்துவிட்டது. "எந்தக் கைபேசியில் விளையாடிப் பார்த்தார்னு எழுதியிருக்காரா, பாரு" என்று மட்டும் சொன்னேன். மதிப்பெண்ணைத் தாண்டி அவன் விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனான். கடைசி வரி வரைக்கும் போய்விட்டு நிமிர்ந்தான்.

"இல்லையே சார்."