காட்டு வழியில் இராத் தங்கல்

கதிர்காமத்து ஆடிவேல் விழாவை முன்னிட்டு, வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்தும் கிழக்கிலங்கையின் பல ஊர்களிலிருந்தும் கால்நடையாய்ப் புறப்படும் அடியார்கள் உகந்தை முருகன் சந்நிதியை வந்தடைகின்றனர். அதற்கப்பால் ஊருமில்லை, கடையுமில்லை. குமண, யால என்னும் இரு தேசிய வனங்களினூடாக, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் எனத் தங்கித் தங்கிச் செல்லும் காட்டு வழியே உளது. மூட்டையைத் தோளிற் சுமந்து, மரத்தடியிற் சமைத்து, வெறுந் தரையில் உறங்கி ஐந்தாறு நாள் நடக்கும் இச்செலவை, மேனாட்டார் பொழுதுபோக்காக மேற்கொள்ளும் கூடார வாழ்க்கையோடு சேர்த்தெண்ணுதல் சிலர்க்கு வியப்பாகலாம். நோக்கம் வேறாயினும் காட்டுக்கு நேரும் ஊறு ஒன்றே.

“நம் பாட்டன்மார் எத்துணைத் தூய்மையாய் இவ்வழியே சென்றனர்!” என்று பெருமூச்செறிவார் உளர். அது முற்றுஞ் சரியன்று. அவர்களும் வேண்டாதவற்றை வழியோரத்தில் எறிந்தே சென்றிருப்பர். ஆனால் அவர்கள் எறிந்தவை பனங்கட்டிக் குட்டானும், ஓலைப் பெட்டியும், உடைந்த சுரைக்குடுவையுமாம். இரண்டொரு மாரியில் அவை மண்ணோடு மண்ணாயின. இன்று நடப்போர் பல்லாயிரவர். அவர்கள் கையிலிருப்பனவோ பொலித்தீன் பையும் பிளாஸ்திக்குப் போத்தலும். புண்ணியங் கருதித் தருமவான்கள் வழங்கும் தண்ணீர்ப் போத்தல்களும் இக்குவியலைப் பெருக்குகின்றன. (ஒரு தொட்டி நீரும் ஒரு செம்பும் வைத்தாற் புண்ணியம் குறைந்துவிடுமோ?) நிறைந்த போத்தலை உகந்தையிலிருந்து சுமந்தவர்க்கு, வெறும் போத்தலைக் கதிர்காமம் வரை கொண்டு செல்லுதல் அரிய செயலன்று.

உப்பும் சோற்று மணமும் ஊறிய பொலித்தீனை மானும் யானையும் உணவென்றே கொள்கின்றன. அது செரியாமற் குடலை அடைத்துக் கொல்லும். அம்பாறைக்கு அண்மையிலுள்ள பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் மேய்ந்து யானைகள் மடிந்தமை பலரும் அறிந்த செய்தி. பழத்தோலும் எஞ்சிய சோறும் மட்கிப்போகும், ஆதலின் தீங்கில்லை என்பர் சிலர். அங்கே இடர் வேறு வகையில் வருகின்றது. மனிதர் தங்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்பதை விலங்கு ஒருமுறை கற்றால் மறப்பதில்லை. புத்தல – கதிர்காம வீதியில் வாகனங்களை மறித்து உணவுக்கு நிற்கும் யானைகள் அவ்வாறு பழக்கப்பட்டவையே. இன்று நாம் சோற்றைக் கொட்டிய இடத்தில் நாளை இரவு படுப்பவர் வேறொரு கூட்டத்தார்.

நீரின் செய்தி இன்னும் நுட்பமானது. யாத்திரைக் காலம் தென்கிழக்குப் பகுதிக்கு வறட்சிக் காலமாதலின், அப்போது ஆறு மெலிந்துவிடும். எஞ்சிய நீரையே யானை, மான், பறவை யாவும் நாடி வரும். அடியாரும் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி நீர் அள்ளுவர். மணல் நீரை வடிகட்டித் தருமென்று நம்பி, அதே மணலில் மலங்கழிப்பார் உளர். கண்ணுக்குத் தெரியும் கலங்கலை மணல் ஓரளவு தடுக்கும். நோய்க்கிருமிகளை அவ்வாறு தடுக்குமென்று நம்புதற்கில்லை. மலத்தை மண்ணாக்குபவை மேல்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். வெறும் மணலில் அவை மிகச் சில. ஆகையால் நீர்க்கரையிலிருந்து எழுபது அடி எடுத்துவைத்த தூரமேனும் விலகி, மரஞ்செடியுள்ள கருமண்ணில் ஒரு சாண் ஆழமாய்க் குழி தோண்டிக் கழித்து மூடுதல் வேண்டும். மிக ஆழமாய்த் தோண்டுதலும் நன்றன்று. அடிமண்ணில் அவ்வுயிர்கள் குறைவு. சவர்க்காரத்தையும் இவ்வாறே ஆற்றில் இடாது, வாளியில் நீர் மொண்டு தொலைவிற் சென்று தேய்த்துக் கழுவலாம்.

தங்குமிடத்தைத் தெரிதலில் நம் இயல்பறிவுக்கு மாறான ஒன்றுண்டு. பலர் தங்கித் தேய்ந்த இடத்தை விட்டு, புல் அடர்ந்த புதிய இடத்திற் படுப்பதே காட்டுக்கு இரங்குதல் என நினைக்கின்றோம். ஆராய்ந்தோர் கண்டது வேறு. ஓரிடத்துக்கு நேரும் கேட்டின் பெரும்பகுதி முதற் சில இரவுகளிலேயே நிகழ்ந்துவிடுகின்றது: புல் நசுங்கும், மண் இறுகும், மழைநீர் உட்செல்லாது வழிந்தோடும், விதை முளையாது. அதன்பின் நூறு பேர் படுத்தாலும் கேடு அவ்வளவு விரைவாக வளர்வதில்லை. ஆகவே கூட்டம் மிகுந்த இவ்வழியிற் பழைய தங்குமிடத்திலேயே தங்குவதும், பாதை புழுதியாயினும் ஓரஞ் செல்லாது ஒருவர்பின் ஒருவராய் நடப்பதுமே முறை. ஆள் நடமாட்டமில்லாக் காடாயின் இதற்கு மறுதலையாக, ஒவ்வோர் இரவும் பிரிந்து வெவ்வேறிடத்தில் தங்குதல் வேண்டும்.

தீயைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். பழைய அடுப்புக் கரி கிடக்கும் இடத்திலேயே மீண்டும் மூட்டுக. விரற் பருமனான வீழ்ந்த சுள்ளி போதும். பெருங்கட்டைகள் கறையானுக்கும் பல்லிக்கும் வீடு. நின்ற மரத்தை முறித்தல் கூடாது. வறண்ட புல்லிற் காற்று வீசுங்காலத்தில், அவிந்ததுபோற் கிடக்கும் தணலொன்றே போதும் காட்டை எரிக்க. சாம்பலிற் கை வைத்துச் சூடில்லை என்று காணும்வரை நீர் ஊற்றிக் கிளறுதல் வேண்டும். அடியார் பெரும்பாலும் விடியுமுன்னரே நடக்கத் தொடங்குவராதலின், அந்நீரை முதல்நாள் மாலையே மொண்டு வைத்துக்கொள்ளுதல் நலம்.